செல்லமாக வளர்த்த ஃபெரெட் (கீரி போன்ற சிறிய வளர்ப்புப் பிராணி) திடீரென்று இறந்துவிட்டது. இந்தத் துக்கத்தை எப்படித் தாங்கிக்கொள்வது?

நேற்று முன்தினம் இரவு வரை ஓடி விளையாடியது, காலையில் அசையாமல் கிடந்ததைத் தூக்கம் என்று நினைத்து அரை நாள் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை நாள்தான் உங்கள் மனதை அறுக்கிறது. எனக்கும் இதே நடந்தது.

ஃபெரெட் வளர்க்காதவர்களுக்கு இது விளங்காது. ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் பிராணி அது. சில சமயம் கையில் தூக்கினாலும் ஈரத்துணி மாதிரித் துவண்டு தொங்கும். நமக்கு உயிரே போய்விடும். அப்புறம் நிதானமாகக் கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறக்கும். அப்படி எத்தனை தடவை பதறி எழுப்பியிருப்பேன்! அதனால்தான் அன்று தொங்கு படுக்கையில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்து, சரி, தூங்கட்டும் என்று போய்விட்டேன். மதியம் தொட்டபோது காது மடல் சில்லென்று இருந்தது. முன்னங்கால் மடங்கவில்லை. வெகு நாட்கள் அந்தச் சில்லிப்பு என் விரலை விட்டுப் போகவில்லை.

நீங்கள் கவனிக்காமல் விடவில்லை. பழகின தூக்கத்தைத் தூக்கமென்று நம்பினீர்கள், அவ்வளவுதான். ஃபெரெட்டுகள் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. இதய நோய், கணையத்தில் வரும் கட்டி, விழுங்கிய ரப்பர் துண்டு குடலை அடைத்துக்கொள்வது, இவையெல்லாம் பல நேரம் முற்றிய பிறகுதான் தெரியும். இன்னும் அடக்கம் செய்யவில்லை, காரணம் தெரிந்தால் மனம் ஆறும் என்று தோன்றினால், உடலைக் குளிர்ச்சியாக வைத்து (உறைய விடாதீர்கள்) உடனே கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். நான் கேட்டேன். இதயம் பெருத்துப் போயிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் அதுவும் சரிதான், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொரு ஃபெரெட் இருக்கிறது என்கிறீர்களே, அதையும் பாருங்கள். முடிந்தால் இறந்ததை முகர விடுங்கள். என்னுடைய இன்னொரு ஃபெரெட், சின்னவள், முகர்ந்தாள், காதை நக்கினாள், பிடரியைக் கவ்வி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு தானாகவே விலகிப் போய்விட்டாள். அவள் சாப்பாட்டை விட்டது எனக்குப் பெரிய பயம். ஃபெரெட்டுக்குச் சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் செரித்துவிடும், பசி தாங்காது. உங்களுடையது உண்ணாமல் கிடந்தால் நாள் கணக்கில் பொறுக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அவளைக் கவனித்த அந்த வாரத்தில்தான் நானும் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

கூண்டை உடனே கழுவி வைக்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம், அந்தப் போர்வையில் வாசனை இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து சோபாவை நகர்த்தியபோது அவன் சேர்த்து வைத்திருந்த களஞ்சியம் கிடைத்தது: ஜோடி இல்லாத நாலு காலுறைகள், ஒரு கரண்டி, நான் வீடெல்லாம் தேடிய மூக்குக்கண்ணாடிக் கூடு. உட்கார்ந்து நன்றாக அழுதேன். கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை இருந்த இடத்திலேயே விட்டு சோபாவைத் தள்ளி வைத்தேன்.