இடது கிராங்க் ஆடுகிறது: முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 26 அங்குலச் சக்கரமுள்ள, 21 கியர் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). முன்னால் 42/34/24 பல் கொண்ட மூன்று சக்கரம். ஞாயிறுதோறும் புதுச்சேரி வரை போய் வருவேன். இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆடுகிறது. முடுக்கினால் இரண்டே நாளில் மறுபடி தளர்கிறது. நண்பர் தன் ரோடு சைக்கிளிலிருந்து கழற்றிய ஷிமானோ ஹாலோடெக் 2, 50/34 பல் கிராங்க்செட்டை (இரு கிராங்கும் பல்சக்கரமும் சேர்ந்தது) சும்மா தருகிறேன் என்கிறார். என் சைக்கிளில் மாட்டலாமா?"

வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தச் சைக்கிளில் மாட்ட வேண்டாம்.

உங்கள் சைக்கிளில் இரு கிராங்கையும் இணைப்பது சதுர முனையுள்ள அச்சு. நண்பருடையதில் 24 மி.மீ. தடிமனுள்ள உருளை அச்சு, வலது கிராங்கோடு சேர்ந்தே வரும். அதற்கு பிபி (பாட்டம் பிராக்கெட், அச்சு சுழலும் பேரிங் பகுதி) கப்புகளும் வேறு. இது பெரிய தடை இல்லை. உங்கள் ஃபிரேமில் பிபி உட்காரும் குழாயின் மரை பெரும்பாலும் பிஎஸ்ஏ என்ற பொதுவான அளவாகத்தான் இருக்கும். புதுக் கப்பு வாங்கினால் ஏறிவிடும். ஆனால் அந்தக் குழாயின் அகலத்தை அளந்து பாருங்கள். ரோடு கிராங்கின் அச்சு 68 மி.மீ. குழாய்க்குச் செய்தது. எம்டிபி ஃபிரேம் பலவற்றில் இது 73 மி.மீ. இருக்கும். அப்படியென்றால் கதை அங்கேயே முடிந்தது.

68 இருந்தாலும் உண்மையான சிக்கல் பல்சக்கரத்தில் இருக்கிறது. கடைகளில் பலரும் அச்சு ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'சரியா உட்காருது சார்' என்பார்கள். 42 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 85 மி.மீ. 50 பல்லுக்கு அது 101. போதாதற்கு, ரோடு கிராங்கின் பெரிய சக்கரம் ஃபிரேமின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக நிற்கும். கிட்டத்தட்ட உங்களுடைய 34 பல் நடுச்சக்கரம் இப்போது ஓடுகிற இடத்தில். அங்கே 50 பல் வந்தால், பின்சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாயில் உரச வாய்ப்பு மிக அதிகம். சந்தேகமாக இருந்தால் 105 மி.மீ. ஆரத்தில் ஓர் அட்டையை வட்டமாக வெட்டி, நடுச்சக்கரம் இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையே போதும்.

உரசவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முன் டெரெய்லரை (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஏற்றிக் கட்ட வேண்டும், அதன் வளைவும் 50 பல்லுக்கு ஏற்றதல்ல. அப்புறம் இவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? பின்னால் உங்கள் சின்னப் பல் 14 என்றால், 42-உடன் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலே மணிக்கு 29 கி.மீ. போகும். கடல் காற்று எதிரே அடிக்கிற நாளில் உங்களுக்கு வேண்டியது சின்ன கியர். அந்த 24 பல்லை இழக்காதீர்கள்.

சரி, ஆடுவதற்கு என்ன செய்வது? கிராங்க் அலுமினியம், அச்சு இரும்பு. போல்ட் தளர்ந்த நிலையில் சில நாள் ஓட்டினாலே மென்மையான அலுமினியத்தின் சதுரத் துளை அகன்று மூலைகள் மழுங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. இடது கிராங்கைக் கழற்றித் துளையைப் பாருங்கள். அது மழுங்கி, அச்சின் நான்கு மூலையும் கூர்மையாக இருந்தால், இடது கிராங்க் மட்டும் மாற்றினால் போதும். தனியாகவே விற்பார்கள். உங்கள் வலது கிராங்கின் பின்பக்கத்தில் நீளம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 170 மி.மீ. அதே நீளம் கேளுங்கள். துளை 'ஜேஐஎஸ்' (ஜப்பானியத் தர அளவு) சதுரமா என்றும் கேளுங்கள். பழைய இத்தாலிய கிராங்குகளின் ஐஎஸ்ஓ சதுரம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் சுமார் 4.5 மி.மீ. வெளியே தள்ளி உட்காரும்.

பல்லெல்லாம் சுறா துடுப்புபோலக் கூர்ந்திருந்தால் மட்டும் முழு செட் வாங்குங்கள். அப்போதும் இதே 42/34/24, சதுரத் துளை, பின்னால் 7 அல்லது 8 பல்சக்கரம் உள்ள சைக்கிளின் செயினுக்கானது. புதிய செட்டுக்கு எந்த நீள அச்சு வேண்டும் என்று கேட்டு, உங்கள் பிபியில் பொறித்திருக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

கழற்றும்போது போல்ட்டோடு வாஷரையும் எடுத்துவிட்டு, புல்லரை (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) கையாலேயே முழுவதும் திருகிய பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். அரைகுறையாகத் திருகி இழுத்தால் மரை உரிந்து வரும். பிறகு கிராங்கை அறுத்துத்தான் எடுக்கணும். பிபியையும் திறந்தால், வலது கப்பு கடிகாரத் திசையில் கழலும். இடது பெடலும் அப்படியே.

புது கிராங்கின் போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் முடுக்கம் வேண்டும், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 20 கிலோ எடை தொங்குகிற அளவு. மாட்டியதும் புதுச்சேரி வழியிலுள்ள கன்னியக்கோயில் வரை போய்த் திரும்பி, அதே அளவில் ஒருமுறை சரிபாருங்கள். அதற்கப்புறமும் ஆடினால் அச்சும் தேய்ந்திருக்கிறது, பிபியையும் சேர்த்து மாற்றுங்கள்.