பிடிஎஃப் கிடைக்கும் காலத்தில் பழைய புத்தகங்களை ஏன் சேகரிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், பழைய தமிழ் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது வீட்டை அடைத்துக்கொண்டு எதற்கு என்கிறார். படிப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப் போதும். நானும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில்தான் பாதி நேரம் படிக்கிறேன். ஆனால் அங்கே இருப்பது ஒரு பிரதி. என் வீட்டில் இருப்பது இன்னொரு பிரதி.

மதுரைப் புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் அங்கே ஒரு திருவிளையாடற் புராணம் வாங்கினேன். மூன்று காண்டங்களில் திருவாலவாய்க் காண்டம் மட்டும், முகப்புத் தாள் இல்லை. முன்னுரையின் அடியில் 'ஜய வருஷம் ஆவணி' என்று இருந்தது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஜய என்றால் 1894 ஆகவும் இருக்கலாம், 1954 ஆகவும் இருக்கலாம். பின்னட்டையில் விலை ரூ. 1-4-0, அதாவது ஒரு ரூபாய் நாலணா. அணாக் கணக்கு 1957 வரை இருந்ததால் அதை வைத்தும் முடிவு செய்ய முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, உள்ளட்டையில் ஒட்டியிருந்த தாள் தானாகப் பெயர்ந்தது. அதன் கீழே மையில் ஒரு கையெழுத்தும் 1908 என்ற ஆண்டும் இருந்தன. அப்படியென்றால் அந்த ஜய வருஷம் 1894தான். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், சிவன் பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லும் மண் சுமந்த படலத்தின் ஓரத்தில் இருந்தது. பென்சிலில், சாய்ந்த எழுத்தில்: 'இன்று புட்டுத்தோப்பில் நல்ல மழை. சுவாமி திரும்ப மணி எட்டு.' அந்தக் கதையை மதுரைப் புட்டுத்தோப்பில் நடத்திக் காட்டும் ஆவணி மூலத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து, அந்தப் படலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த ஸ்கேனில் இது கிடைக்கும்?

அதை நான் காப்பாற்றவில்லை. தையல் விட்டுப்போனதால் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் மூன்று பக்கமும் சீராக வெட்டி, அழகாகக் காலிக்கோத் துணி அட்டை போட்டுக் கொடுத்தார். 'மழை'யும் 'எட்டு'ம்தான் மிச்சம். இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மனசு கனத்துப் போகிறது. நீங்கள் சேகரிக்க ஆரம்பித்தால் முதலில் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், அப்புறம் மற்ற வேலை. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். இராமபாணப் பூச்சி துளைத்த புத்தகத்தை மற்றவற்றோடு சேர்த்து அடுக்காதீர்கள்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். லை, னை இரண்டும் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தில் இருந்தால் சில கடைக்காரர்கள் 'நூறு வருஷப் புஸ்தகம் சார்' என்பார்கள். எழுத்துச் சீர்திருத்தம் வந்ததே 1978-ல்தான். 1970-ல் அச்சான நாவலிலும் அந்தத் தும்பிக்கை இருக்கும்.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அதிலிருந்து வந்ததுதான். அன்று அவரிடம் யாராவது 'இந்த நோட்டீஸ் எதற்கு?' என்று கேட்டுத்தான் இருப்பார்கள்.

என்னிடம் மதுரைக் காண்டமும் கூடற் காண்டமும் இல்லை. அதே சாய்ந்த பென்சில் எழுத்தோடு அவை எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கும் என்று நம்புகிறேன். எடைக்குப் போடும் பழைய பேப்பர் கடைகளில் இன்னும் தேடுகிறேன்.