துருக்கி மொழியில் ஒரு சாரியை

அன்புள்ள ஐயா,

துருக்கி மொழி படித்து வருகிறேன். 'எவ்' என்றால் வீடு, 'எவ்தெ' என்றால் வீட்டில். அலியின் வீடு என்பதற்கு 'அலினின் எவ்' என்று எழுதினேன். 'அலினின் எவி' என்று திருத்தினார்கள். 'இன்' வந்த பிறகு எதற்கு இன்னொரு 'இ'? 'அவன் வீட்டில்' என்பது 'எவிதெ' ஆகாமல் 'எவிந்தெ' ஆவது ஏன்?

அன்புள்ள நண்பருக்கு,

தமிழில் உடையவரின் பெயரில் மட்டும் உருபு சேர்க்கிறோம். துருக்கியில் உடைமைப் பொருளிலும் சேர்க்க வேண்டும். எவிம் என் வீடு, எவின் உன் வீடு, எவி அவன் அல்லது அவள் வீடு, எவிமிஸ் எங்கள் வீடு. நம் வினைமுற்று 'வந்தேன், வந்தாய்' என்று ஆளைக் காட்டுகிறதே, அந்த வேலையை அங்கே பெயர்ச்சொல்லும் செய்கிறது. பேச்சில் 'பிஸிம் எவ்' (எங்கள் வீடு) என்று ஈறில்லாமலும் கேட்பீர்கள். 'அலினின் எவ்' மட்டும் செல்லாது.

ஈறுகளின் வரிசை பன்மை, உடைமை, வேற்றுமை: எவ்-லெர்-இமிஸ்-தென், எங்கள் வீடுகளிலிருந்து.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. படர்க்கை உடைமை ஈற்றுக்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் இடையில் ஒரு னகரம் தோன்றும்: எவினி (அவன் வீட்டை), எவினெ (அவன் வீட்டுக்கு), எவிந்தெ. சுட்டுப்பெயரிலும் அப்படியே: 'பு' இது, 'புனு' இதை, 'புந்த' இதில். 'அவை' உருபேற்கும்போது 'அவற்றை' ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியர் சாரியை என்று சொன்னதன் வேலை இதுதான். மொழிக் குடும்பங்கள் வேறு. இது நினைவில் நிறுத்த உதவும் ஒப்புமை, அவ்வளவே.

உயிரீற்றுச் சொற்களில்தான் பலரும் தவறுகிறார்கள். 'கெதி' பூனை, பூனையை என்றால் யகரம் வந்து 'கெதியி'. அவன் பூனை 'கெதிஸி'. அவன் பூனையை என்றால் 'கெதிஸினி'. இங்கே யகரம் போட்டால் பிழை. இன்னொன்று, 'எவிந்தெ' உன் வீட்டில் என்றும் பொருள்படும் (எவின்+தெ). யார் வீடு என்பது தெளிவாக இல்லையென்றால் முன்னால் 'ஸெனின்' (உன்) அல்லது 'ஒனுன்' (அவன்) சேருங்கள்.

தொகைச்சொற்களிலும் இதே 'இ' உண்டு. வீட்டுக்காரர், அதாவது வீட்டின் சொந்தக்காரர், 'எவ் ஸாஹிபி'. யாருடையவர் என்று சொல்லாவிட்டாலும் அது ஒட்டியே இருக்கும். ஆகவே வீட்டுக்காரருக்கு என்பது 'எவ் ஸாஹிபினெ'. 'என் வீட்டுக்காரர்' என்னும்போது 'இ' விலகி 'இம்' வரும்: 'எவ் ஸாஹிபிம்'.