போன தீபாவளிச் சிவப்பும் இந்தத் தீபாவளிச் சிவப்பும்

கேள்வி: ஐயா, மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் வீட்டிலேயே முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை செய்து விற்கிறேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலு பெண்கள் கைக்குத் துணை. எல்லாப் பலகாரப் போத்தலிலும் இருக்கும் அந்தச் சிவப்பு மூடி வேண்டாம், குங்கும நிறத்தில் வேண்டும் என்று சின்ன பிளாஸ்டிக் பேக்டரி ஒன்றில் சொல்லி 3,000 மூடி வாங்கினேன். அருமையாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அதே நிறம் என்று சொல்லி இன்னும் 3,000 எடுத்தேன். செங்கல் நிறத்தில் வந்திருக்கிறது. 400 போத்தலை மூடி, கடையில் பழையதோடு சேர்த்து அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது. ஏதோ வெயிலில் கிடந்த பழைய சரக்கு என்று ஆட்கள் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பேக்டரி முதலாளி தவுக்கேயைக் கேட்டால், “சிவப்புதானே கேட்டீங்க” என்கிறார். பணம் திரும்புமா?

பதில்: சகோதரி, முதலில் மீதி 2,600 மூடிகளைத் தொடாதீர்கள். பழையதையும் புதியதையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, “இந்த நிறத்தை நான் ஏற்கவில்லை” என்று இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். சரக்கை வைத்துக்கொண்டு நாள் கடத்தினால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அது வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு. நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பொருந்துவது 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. பழைய மூடி ஒன்றைக் கையில் கொடுத்து இரண்டாவது ஆர்டர் செய்திருந்தால் உங்கள் பக்கம் பலம். போனில் “அதே கலர்” என்று மட்டும் சொல்லியிருந்தால் வழக்கு நொண்டும். 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை போடலாம். ஆனால் தீபாவளியை வைத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறி இறங்குவதைவிட, பாதி விலைக்குப் பேசி முடிப்பதே மேல் என்பேன்.

இனி, நிறம் ஏன் மாறியது? கூலிமில் பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டிங் பேக்டரியில் கியூசி, அதாவது தரச் சோதனை வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும்.

மூடி ஒன்று 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 மூடிக்கு 30 கிலோ பிளாஸ்டிக். அதில் சேர்க்கும் நிறக்குருணை, மாஸ்டர்பேட்ச் என்பார்கள், சுமார் 3 விழுக்காடு. அதாவது ஒரு கிலோகூட இல்லை. அதுவோ 25 கிலோ மூட்டையாக வருவது. உங்கள் 900 கிராமுக்காக யாரும் புது மூட்டை பிரிக்க மாட்டார்கள். கையிலிருக்கும் ஏதோ ஒரு சிவப்பை அள்ளி, டிரம்மில் போட்டு உருட்டி, மெஷினில் கொட்டிவிடுவார்கள். அள்ளுகிற கை 100 கிராம் கூடக் குறைய அள்ளினாலே நிறம் நகர்ந்துவிடும்.

அப்புறம் அரைத்த கழிவு. ஓரத்தில் வெட்டி எறிந்ததை அரைத்து மறுபடி கலப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான், தப்பில்லை. அதில் வேறு நிறத் துண்டு விழுந்தால் சிவப்பு மங்கும். உங்களுடையது தின்பண்ட மூடி, அதனால் எங்கிருந்தோ வந்த மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கூடவே கூடாது. பிளாஸ்டிக்கும் நிறக்குருணையும் உணவுக்கு ஏற்றவை என்று எழுதி வாங்குங்கள்.

சூடும் ஒரு காரணம். மெஷின் சிலிண்டரில் பிளாஸ்டிக் அதிக நேரம் வெந்தால் சில சிவப்புச் சாயங்கள் கருகிப் பழுப்பேறும். மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்திவிட்டு வந்து அடித்த முதல் சில மூடிகளை நாங்கள் எடுத்து வீசுவோம். எல்லா இடத்திலும் வீசுவதில்லை.

அடுத்த தடவை என்ன செய்யலாம்? நிறத்தின் பேரைச் சொல்லாதீர்கள், போன் படமும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு திரையும் ஒரு சிவப்பைக் காட்டும். நல்ல மூடி ஆறு எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, மூன்று அவரிடம், மூன்று உங்களிடம். அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். புதியதை ஒப்பிடும்போது மெஷினிலிருந்து சூடாக வந்ததைப் பார்க்காதீர்கள், ஒரு நாள் ஆறட்டும். அஞ்சடியில், அதாவது கடை முன்நடையில், பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, கடை டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு தடவை பாருங்கள். சாயக் கலவை வேறாக இருந்தால் ஓரிடத்தில் ஒத்துப்போய் இன்னோரிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய பேக்டரி என்றால் நிறத்தை அளக்கும் கருவி இருக்கும். வித்தியாசத்தை டெல்டா இ என்ற எண்ணில் சொல்வார்கள். சுமார் 1 என்றால் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். ஆர்டரிலேயே 2-க்குள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஒரே வழி: வருடத்துக்கு வேண்டிய மூடியை ஒரே ஓட்டத்தில் அடித்து வாங்கிவிடுங்கள். வைக்க இடம் வேண்டும், பணம் முடங்கும், உண்மைதான். இருக்கும் செங்கல் மூடிகளை ஓமப்பொடிக்கு மட்டும் போட்டு, தனி வரிசையில் அடுக்கினால் யாருக்கும் உறுத்தாது.

கேள்வி: எங்கள் ஆலயத்துக்கு முன்பு வாங்கிய அதே நீல நாற்காலியில் இன்னும் 50 வாங்கினோம். புதியது அடர்ந்த நீலமாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பழைய நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, வெயில் படாத அடிப்பக்கத்தைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் கடைக்காரர் மேல் குற்றமில்லை, பந்தலுக்கு வெளியே போட்டதுதான் குற்றம்.