ஜேட் 'பன்றி டிராகன்': முதலில் ரசீதை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: பெய்ஜிங்கில் வேலை செய்கிறேன். ஒரு பழம்பொருள் சந்தையில், ஹோங்ஷான் என்ற பழங்கால வடகிழக்குச் சீனப் பண்பாட்டின் ஜேட் 'பன்றி டிராகன்' (பன்றித் தலையோடு வளைந்த பச்சைக்கல் சிற்பம்), ஐயாயிரம் வருடப் பழசு என்று சொல்லி 60,000 யுவானுக்கு விற்றார்கள். துளைக்குள் நவீன இயந்திரத் தடம் இருக்கிறது, புதுசு என்று இப்போது ஆய்வகம் சொல்கிறது. கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவன் நான், என் போனையே எடுக்க மாட்டேன் என்கிறார். போலீஸுக்குப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். சாப்பாடு போட்டதும் அவர் போனை எடுக்காததும் வழக்குக்கு உதவாது. நீங்கள் அனுப்பிய ரசீதில் 'கைவினைப் பொருள்' என்றுதான் இருக்கிறது, பழம்பொருள் என்று இல்லை. அதனால் மோசடிக்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி, அதோடு அனுப்பிய வீசாட் (சீன மெசேஜ் செயலி) உரையாடல்.

ஆபத்தும் அதில்தான். "கல்லறையில் எடுத்தது" என்று அவர் எழுத, "பரவாயில்லை, துணிக்கு நடுவில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன்" என்று நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். சீனாவில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசின் சொத்து, 1911க்கு முந்தையதைப் பொதுவாக வெளியே கொண்டுபோகவும் முடியாது. ஆக, கல்லறைத் திருட்டு என்று நம்பித்தான் வாங்கினேன், கடத்தவும் இருந்தேன் என்று நீங்களே எழுதிப் போலீஸ் கையில் கொடுக்கிறீர்கள். 2015ல் வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஹோங்ஷான் கல்லறைகளைத் தோண்டிய கும்பல்களைப் பிடித்தபோது 175 பேர் சிக்கினார்கள், தோண்டியவர்களோடு விற்றுக்கொடுத்த தரகர்களும் சேர்த்து. இதில் போலீஸ் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, நுகர்வோர் சட்டப்படி விலையைத் திருப்பி வாங்கி அதற்கு மேல் மூன்று மடங்கு இழப்பீடும் கேட்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் இருக்கிறதுதான், ஆனால் பழம்பொருளை வாங்குபவரே சோதித்துப் பார்த்து வாங்குவதுதான் வழக்கம் என்று கடைக்காரர் வாதாடுவார், இந்த ரசீதை வைத்துக்கொண்டு அதை முறியடிப்பது கடினம். அந்தக் கோபத்தில் "இவ்வளவு தராவிட்டால் போலீஸில் சொல்லிவிடுவேன்" என்று மெசேஜ் போட்டு, கடைசியில் மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் தாங்களே மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். பழைய உரையாடலையும் அழிக்காதீர்கள், அழித்தால் இன்னும் மோசம்.

சமரசம் பேசுங்கள், பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் மூலம் பேசி, பொருளைத் திருப்பிக் கொடுத்து, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மோசடி என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டும், அதனால் ஆய்வக அறிக்கையின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த ஜேட்டோடு விமானம் ஏறாதீர்கள், போலிதான் என்று சுங்கத்தில் நீங்கள் சொல்வதை யாரும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள்.