கூரையில் இல்லை வடக்கு

விடுமுறை தொடங்கியதும் வந்த கேள்விகளில் பாதி, பிள்ளைகளுக்கு வரைபடம் பழக்குவது பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகனுக்கு 5 வயது. பெரிய உலகப்படம் வாங்கிச் சுவரில் ஒட்டினேன். திரும்பியும் பார்க்கிறானில்லை. (தாய், ஆரையம்பதி)

பார்க்க மாட்டான். அவனுக்கு அது நிறம் பூசிய ஒரு தாள். வரைபடம் என்றால் மேலே நின்று கீழே பார்ப்பது; அந்தப் பார்வை முதலில் பழக வேண்டும். வெள்ளைத் தாளில் தேநீர்க் கோப்பை, கரண்டி, சீப்பு மூன்றையும் வைத்துச் சுற்றிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பொருட்களை எடுத்துவிட்டு எது எது என்று கேளுங்கள். கோப்பை வெறும் வட்டமாகக் கிடக்கும். "கோப்பை இப்பிடியா இருக்கும்?" என்று அவன் சந்தேகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அறையை வரையுங்கள், அதற்குப் பிறகு கிணறு, மாமரம், படலை என்று வளவை. படத்தில் ஒரு புள்ளி போட்டு, அந்த இடத்தில் டொபி ஒன்றை ஒளித்து வையுங்கள். உலகப்படம் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

வடக்கு எங்கே என்றால் தரம் 3 பிள்ளைகள் கூரையைக் காட்டுகிறார்கள். (ஆசிரியை, கொக்கட்டிச்சோலை)

பிழை ஆணியில், ரீச்சர். தொங்கும் படத்தில் வடக்கு மேலே இருக்கிறது, பிள்ளையும் மேலே காட்டுகிறது. யாழ்ப்பாணம் போவதென்றால் மேடு ஏறுவது என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்திருந்தேன். படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கை உண்மையான வடக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தட்டும்.

திசை கற்பிக்க நம்மூரைப் போல வசதியான ஊர் குறைவு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. பெயரிலேயே திசை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் அதை வெறும் ஊர்ப்பெயராகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். உங்கள் படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து ஆரையம்பதிப் பக்கம் போன பிள்ளை எத்தனை பேர் என்று கேளுங்கள். அவ்வளவு பேரும் கிழக்கே போனவர்கள். பிறகு காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போய், வலது கையைச் சூரியன் பக்கம் நீட்டச் சொல்லுங்கள். முகம் பார்ப்பது வடக்கு. வருட நடுவில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது அது இடது கைப்பக்கத்தால் வரும்.

ஒன்று மட்டும். சூரியன் நேர் கிழக்கில் எழுவது மார்ச், செப்டம்பர் மாதங்களின் 20–23ஆம் திகதிகளை ஒட்டித்தான். ஜூனில் வடக்கேயும் டிசம்பரில் தெற்கேயும் ஏறத்தாழ 23 பாகை விலகிவிடும். பிள்ளைகளுக்கு இது இப்போது வேண்டாம். மைதானத்தில் சுண்ணாம்பால் நிரந்தரக் கோடு போடப்போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டும்.

பூகோள உருண்டை வாங்கிக் கொடுத்தோம். இலங்கை இவ்வளவு சின்னதா என்று மகள் அழுகிறாள். (தந்தை, கல்முனை)

30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையில் 1 சென்ரிமீற்றர் ஏறக்குறைய 425 கிலோமீற்றர். இலங்கையின் நீளம் சுமார் 435 கிலோமீற்றர், ஆகவே அவளுடைய சின்னி விரல் நகத்தளவு. 56 கிலோமீற்றர் நீள மட்டக்களப்பு வாவி அதில் ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும்தான். எவரெஸ்ட் கால் மில்லிமீற்றர்கூட வராது, உருண்டையில் பூசிய மையின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் கதையைச் சொல்லிப் பாருங்கள், அழுகை நிற்கும்.

படத்தில் கிறீன்லாந்து ஆபிரிக்கா அளவு தெரிகிறது, உருண்டையில் சின்னதாக இருக்கிறதே? (அக்கரைப்பற்று)

உருண்டை சொல்வதுதான் சரி. ஆபிரிக்கா 14 மடங்கு பெரியது. ஒரு தோடம்பழத்தில் பேனையால் நாடுகளைக் கீறி, தோலை உரித்து மேசையில் தட்டையாக அமுக்கச் சொல்லுங்கள். தோல் கிழியும். கிழியாமல் தட்டையாக்க வேண்டுமென்றால் எங்கேயாவது இழுத்தே ஆக வேண்டும். மெர்காட்டர் 1569இல் கப்பலோட்டிகளுக்காக வரைந்த படத்தில் துருவப் பக்கம்தான் அப்படி இழுபட்டது. பல வகுப்புச் சுவர்களில் இன்றும் தொங்குவது அந்த வகைப் படம். பழத்தைப் பிறகு சாப்பிடலாம், மை படாத சுளைகளை மட்டும்.

கையில் போன் இருக்கும்போது இதெல்லாம் தேவையா? (களுவாஞ்சிகுடி)

போனும் நல்லதுதான். செய்மதிப் படத்தில் உங்கள் வீட்டுக் கூரையைக் காட்டி, விரலால் சுருக்கிச் சுருக்கி ஊர், வாவி, தீவு என்று போங்கள். நடக்கும்போது படம் தானாகச் சுற்றாதபடி, வடக்கு மேலே நிற்கும் அமைப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை நீலப் புள்ளிக்குப் பின்னால் போகும், சந்தி வந்ததையே பார்க்காது.