வீட்டு மீட்டரிலிருந்து கொலுசுப் பட்டறைக்கு வயர் இழுத்தால் அது கரண்ட் திருட்டா?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறோம். வீட்டு சர்வீஸ் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எழுபது அடி தள்ளி, பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போன இடத்தில், ஷீட் போட்டு கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். கம்பி இழுக்கிற மெஷினும் பாலிஷ் மோட்டாரும் சேர்ந்து 3 எச்.பி. வரும். வீட்டு போர்டிலிருந்து வயர் இழுத்துத்தான் ஓட்டுகிறேன். மீட்டரில் கை வைத்ததில்லை, ஒரு பில்லும் பாக்கி இல்லை. போன வாரம் இ.பி. ஸ்குவாட் வந்து, வணிகக் கட்டணத்தில் 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டு 86,000 ரூபாய்க்கு தற்காலிக மதிப்பீட்டு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். 'இது திருட்டு கேஸ், பேசாமல் எழுதிக் கொடுத்துக் கட்டிவிடு' என்கிறார்கள் தெரிந்தவர்கள். என்ன செய்வது சார்?

பதில்: கட்டுவது இருக்கட்டும், முதலில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தாளை எடுத்து மேலே எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். தற்காலிக மதிப்பீட்டு உத்தரவு என்றால் அது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆவது பிரிவாகத்தான் இருக்கும். அது அனுமதியில்லாத உபயோகம். திருட்டு என்பது 135. அதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், அதாவது மீட்டருக்கு முன்னாலேயே கொக்கி போடுவது, மீட்டரை நோண்டுவது மாதிரியான காரியங்கள். 2007 திருத்தத்துக்குப் பிறகு, நேர்மையற்ற எண்ணத்தோடு வேறு காரியத்துக்குக் கரண்ட் எடுப்பதும் 135-க்குள் வந்துவிட்டது, அதனால் அந்தப் பக்கம் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பட்டறைக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் மீட்டரில் ஓடி, பில்லில் ஏறி, நீங்கள் பணமும் கட்டியிருக்கிறீர்கள். இந்த இரண்டு பிரிவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒடிசா அரிசி ஆலை வழக்கு ஒன்றில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தவிர, திருட்டு என்று அவர்கள் நினைத்திருந்தால் அன்றைக்கே லைனைத் துண்டித்து, 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுத்திருப்பார்கள். ஒரு வாரமாக வீட்டில் ஃபேன் ஓடுகிறதல்லவா?

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்குவாட் வரும்போது சில இடங்களில் 'சமரசத் தொகை கட்டிவிட்டால் கேஸ் இல்லை' என்று சொல்வார்கள். அது 152-ஆவது பிரிவு, திருட்டுக்கு மட்டும் உள்ளது. தொழில் உபயோகம் என்றால் கிலோவாட்டுக்கோ எச்.பி.க்கோ 20,000 ரூபாய் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கட்டினால் திருட்டை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி, அந்த வாய்ப்பும் ஆயுளுக்கு ஒரு முறைதான். உத்தரவு வாங்கிய இடத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

அதற்காக 'நான் பில் கட்டினேன், என் மேல் தப்பே இல்லை' என்று போய் நிற்காதீர்கள், எடுபடாது. கரண்டை ஒரு இடத்துக்கும் ஒரு காரியத்துக்கும் என்றுதான் தருகிறார்கள். அனுமதித்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்கு எடுத்தாலும் சரி, அனுமதித்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோனாலும் சரி, இரண்டும் தனித்தனியாக 126-க்குள் வரும். நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள். காம்பவுண்டு ஒன்றாக இருந்தாலும் பத்திரப்படி அது தம்பி இடம். சர்வீஸ் அப்பா பெயரில் இருக்கிறது என்பதும் தப்பிக்க உதவாது, அனுபவத்தில் இருப்பவர் யாரோ அவரிடம் உத்தரவைக் கொடுக்கலாம்.

அப்புறம் எதில் சண்டை போடுவது? தொகையில். இரண்டு இடத்தில் பிடிக்கலாம்.

ஒன்று, எந்தக் கட்டணம் என்பது. 126-இன்படி போடுவது, அந்த உபயோகத்துக்குப் பொருந்துகிற கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு. உங்களுக்குக் கடைக்காரன் கட்டணத்தைப் போட்டு இரட்டித்திருக்கிறார்கள். வெள்ளியைக் கம்பியாக இழுத்து, கொலுசாக்கி, பாலிஷ் போட்டுத் தருகிற இடம் கடையா? அது உற்பத்தி. 12 கிலோவாட்டுக்குள் இருக்கிற குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 3ஏ1 என்று தனிக் கட்டணம் இருக்கிறது. உங்கள் 3 எச்.பி. இரண்டேகால் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் வரும். 3ஏ1-ஐ இரட்டித்தால் தொகை நன்றாகவே இறங்கும். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவு இருந்தால் நகலை வையுங்கள். சேர்த்துப் பார்க்க வேண்டியது, வீட்டு உபயோக யூனிட்டையும் போட்டு இரட்டித்திருக்கிறார்களா, நீங்கள் ஏற்கெனவே கட்டிய பில்லைக் கழித்திருக்கிறார்களா என்பது. இல்லையென்றால் மனுவில் கேளுங்கள்.

இரண்டாவது, எத்தனை மாதம். எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் 12 மாதம். கண்டுபிடிக்க முடிந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும்தான். உங்கள் இ.பி. அட்டையை எடுத்து இரண்டு மாதக் கணக்கு ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வீடு மட்டும் இருந்தபோது ஒரு அளவில் போய்க்கொண்டிருந்த யூனிட் எந்த வரியில் திடீரென்று எகிறுகிறதோ, அதுதான் மெஷின் வந்த மாதம். மோட்டார் வாங்கிய பில், ஷீட் வாங்கிய பில் அதோடு ஒத்துப்போக வேண்டும். பட்டறையில் எடுத்த ஆயுத பூஜை போட்டோவும் நல்ல சாட்சிதான், ஆனால் கொடுப்பதற்கு முன் எந்த வருஷத்துப் போட்டோ என்று பார்த்துவிடுங்கள். அது பின்னால் போய் 12 மாதத்தைத் தாண்டினால் நாமே குழி தோண்டிய கதை.

இதையெல்லாம் ஆட்சேபனை மனுவாக எழுதி, உத்தரவில் போட்டிருக்கிற கெடுவுக்குள் கொடுத்து, நேரில் விசாரணை வேண்டும் என்றும் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது, இனி ஒரு நாளும் தள்ளாதீர்கள், ஏனென்றால் தற்காலிக உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் இறுதி உத்தரவு போட்டுவிட வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் 127-இல் மேல்முறையீடு, அதற்குப் பாதித் தொகையை முன்னாலேயே கட்ட வேண்டும். ஒப்புதலோடு போட்ட உத்தரவுக்கு மேல்முறையீடே கிடையாது. எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். கட்டாமல் விட்டால் வருஷத்துக்கு 16 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டிக்கு வட்டி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 126 மதிப்பீட்டை அங்கே எடுக்க முடியாது என்று 2013-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சிவில் கோர்ட்டுக்கும் 145-ஆவது பிரிவு கதவைச் சாத்தியிருக்கிறது.

யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று தேடுவதை விட்டுவிட்டு அந்த வயரை இன்றைக்கே கழற்றுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது இன்னொரு ஸ்குவாட் வந்து அதே வயரைப் பார்த்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயிருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. பாலிஷ் போடுகிற இடத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் தரையெல்லாம் ஓடும், பையன்கள் வெறுங்காலில் நிற்பார்கள். எழுபது அடி வயர், அதில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பதே சந்தேகம். ஒரு உயிர் போனால், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல் ஐந்து வருஷம் வரை ஜெயில், 86,000 எல்லாம் அப்போது ஞாபகத்துக்கே வராது.

பட்டறைக்குத் தனி சர்வீஸ் கேட்டு மனுப் போடுங்கள். இடம் தம்பியுடையது என்பதால் அவருடைய சம்மதக் கடிதமும் பாகப்பிரிவினைப் பத்திர நகலும் வேண்டும். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை வைத்து வயரிங் செய்து, பட்டறைக்குத் தனி எர்த்தும் கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டு, அவருடைய டெஸ்ட் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மனு போட்ட ரசீதையே ஆட்சேபனை மனுவோடு இணைத்தால் உங்கள் எண்ணம் நேர்மையானது என்பதற்கு அதைவிட நல்ல தாள் இல்லை. அப்பா பெயரில் இருக்கிற வீட்டு சர்வீஸையும் வாரிசுச் சான்றிதழ் வைத்து இதோடு மாற்றிவிடுங்கள்.

புது மீட்டர் வருகிற வரைக்கும் கம்பி இழுப்பதை வெளியே கூலிக்குக் கொடுத்துவிட்டு, கை வேலையை மட்டும் பகல் வெளிச்சத்தில் செய்துகொள்ளுங்கள். பட்டறையில் ஒரு பல்பு எரிவதற்குக்கூட வீட்டு லைனைத் தொடவேண்டாம்.